பெயிலான பிள்ளையிடம் முதலில் துணைத் தேர்வு எப்போது என்று சொல்லுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "பெயிலாயிட்டா அவன்கிட்ட என்ன மிஸ் பேசுறது?" அறிவுரை எதுவும் வேண்டாம், துணைத் தேர்வு எப்போது, அதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும், அதை முதலில் சொல்லுங்கள் என்பேன். வாழ்க்கை பெரியது, மார்க் மட்டுமே எல்லாம் இல்லை என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் பதினேழு வயதுப் பிள்ளையின் காதில் அது ஏறாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜுக்குக் கிளம்பும்போது நான் மட்டும் எங்கே இருப்பேன் என்பதுதான் அந்தப் பிள்ளையின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இந்தத் துணைத் தேர்வு இப்படி உடனே நடந்ததில்லை. மார்ச்சில் ஒரு பாடத்தில் தவறினால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்த வருட அட்மிஷன் எல்லாம் முடிந்துவிடும், வருவோர் போவோர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் கிடக்க வேண்டும். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு மையமும், அதை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இதை மாற்றச் சொல்லி வலியுறுத்தினார்கள். 2000களின் தொடக்கத்தில், ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் வாய்ப்பைத் தமிழ்நாடு அரசு கொடுத்தது. அதன் பிறகு தேர்வுத் தோல்வியால் நேரும் தற்கொலைகள் இங்கே குறைந்ததை ஆய்வாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் கூட்டங்களில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்கிறேன். ஏனென்றால் இங்கே எந்தப் பிள்ளையையும் உட்காரவைத்து யாரும் தைரியம் சொல்லவில்லை. தேர்வு அட்டவணையை மாற்றினார்கள், உயிர்கள் பிழைத்தன.

மாணவர் மனநலம் என்றதும் நம் பள்ளிகளுக்குத் தோன்றுவது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து, கூட்ட அரங்கில் நானூறு பேரை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கைதட்ட வைப்பது. மறுநாள் அதே பிள்ளைகள் மார்க் வாரியாகப் பிரித்த செக்‌ஷனுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். பேச்சு போதாது.

நம் கையில் இருப்பதை முதலில் மாற்றலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பள்ளி வாசலில் முதல் மார்க் வாங்கியவர்களுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை, பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மார்க்கை வாசிப்பது நிற்கவில்லை, வகுப்பு வாட்ஸப் குழுவில் மொத்தப் பட்டியலையும் போட்டுவிடுகிறார்கள். மெல்லக் கற்போருக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது தேவைதான், நானும் செய்கிறேன். அவர்களின் பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட என்ன தேவை இருக்கிறது? பெயர் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வருவதைப் பார்த்தால் தெரியும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி நேரடியாகவே பேசியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன பதினேழு வயது மாணவி இறந்த வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மதிப்பெண் வைத்துப் பிரிப்பதையும் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும், உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்கிறது. ஆசிரியரல்லாத ஊழியர்களையும் சேர்த்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிட்டுப் போகும் பிள்ளையைச் சத்துணவு அக்கா கவனிக்கிறார், ராத்திரி மூன்று மணிக்கு மொட்டை மாடியில் நடக்கும் பையனை ஹாஸ்டல் வாட்ச்மேன் பார்க்கிறார். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும் வகுப்பாசிரியருக்கு இதெல்லாம் கடைசியில்தான் தெரியவரும்.

ஆலோசகரைப் போட்டால் மட்டும் போதாது. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்திலேயே அவருக்கு அறை ஒதுக்கினால் எந்தப் பிள்ளையும் போகாது, போனவுடன் "என்னடி பிரச்சினை?" என்று நாலு பேர் கேட்பார்கள். அங்கே சொன்னது ஸ்டாஃப் ரூமில் பேச்சாகிவிட்டால் அந்த வருடம் முழுக்க அந்தக் கதவு மூடியதுதான். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் பிரச்சினையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் சொன்ன நாளில் திறந்து, எழுதிய பிள்ளைக்கு ஏதாவது நடந்தது என்று காட்டினால்தான் இரண்டாவது கடிதம் விழும்.

கல்லூரியில் இதே கதை அரியர் என்ற பெயரில் வருகிறது. என்னிடம் படித்துவிட்டுப் பொறியியல் போனவர்கள் வந்து சொல்வதைக் கேட்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தடுமாறும், மூன்று பேப்பர் போகும், அப்புறம் நான்காம் ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனி, எழுதிப் பாஸ் செய்த பழைய அரியரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு உட்காரவே விடாது. முதல் ஆண்டிலேயே ஒரு மாதத்துக்குள் மறுதேர்வு வைத்தால் என்ன குறைந்துவிடும்? பள்ளிக்குச் செய்ததைக் கல்லூரிக்கும் செய்ய முடியும். மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களை 2022 டிசம்பரில் அரசு தொடங்கியது, அதுபோல எல்லாக் கல்லூரிகளுக்கும் வர வேண்டும், கூடவே இந்த மறுதேர்வும் வர வேண்டும்.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கும் அப்பா அம்மாவுக்கும். பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டால், பிடித்த பொருளை எல்லாம் தூக்கிக் கொடுத்தால், "இனிமே என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் வந்தாரே என்றுதான் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு இருக்கும். ஆமாம் என்றால் அதிர்ச்சி காட்டாமல், திட்டாமல், தனியே விடாமல் கூடவே இருங்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவை அது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, பயந்துபோயிருக்கும் அம்மாவோ, ரூம்மேட்டோ, வகுப்பாசிரியரோ கூப்பிட்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.