கேரவன் ஃப்ரிட்ஜும் கரூர் வெயிலும்

பஸ் பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊர் கரூர். இங்கே ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிற என்னிடம் இப்போதெல்லாம் கேரவன் ஃப்ரிட்ஜ்களும் வருகின்றன. சில வண்டிகள் பொள்ளாச்சிக்கு ஷூட்டிங் போகிறவை. மற்றவை, குடும்பத்தோடு வால்பாறை, ஊட்டி என்று தங்கி வருவதற்காக வேனையே வீடாக மாற்றிக்கொண்டவர்களுடையவை. வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “வீட்டுல ஜம்முனு ஓடுன ஃப்ரிட்ஜுங்க. வண்டில வச்சதுல இருந்து கூலிங்கே நிக்க மாட்டீங்குது.”

ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே காட்டுவார்கள். நான் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன். உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. தோட்டங்காடு உள்ளவர்களிடம் கவலை ஓட்டுவதை, அதாவது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதைச் சொல்லிப் புரியவைப்பேன். மாடு எத்தனை தடவை சால் இழுத்தாலும், வாய்க்கால் அடைத்திருந்தால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். வீட்டில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் காற்றாடக் கிடக்கிறது. கேரவனிலோ அழகுக்காகச் சுற்றிலும் பிளைவுட் அடித்து, கொட்டிய சூடு போக வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் கட்டிய வண்டிகளில் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் இருக்கும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. கம்ப்ரசர் இல்லை, சுழல்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. கேஸில் எரிகிற சின்னத் தீ, 12 வோல்ட் ஹீட்டர், 230 வோல்ட் ஹீட்டர், இந்த மூன்றில் எது சூடு கொடுத்தாலும் ஓடும். என்னிடம் வேலை பழகுகிற தம்பி இதை முதல்முதலாகப் பார்த்துவிட்டு, “ஏனுங்ண்ணா, அடியில நெருப்பு எரியுது, உள்ள ஐஸ் கட்டுது. எப்படிங்ண்ணா?” என்றான். இந்தத் தொழிலில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் ஒன்று அது.

பின்பக்கக் குழாய்களைக் கீழிருந்து மேலாகக் காட்டிச் சொன்னேன். அடியில் இருக்கிற பாய்லரில் அமோனியா கலந்த தண்ணீர். சூடு ஏறினால் அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகும். உச்சியில் தகடு தகடாக இருக்கிற கண்டென்சரில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும். அது உள்ளே இறங்கும் இடத்தில் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. ஹைட்ரஜனோடு கலந்ததும் அமோனியாவின் பங்குக்கான அழுத்தம் குறைந்து, குளிரிலேயே ஆவியாகத் தொடங்கும். அதற்கு வேண்டிய சூட்டைப் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பிறகு கீழே தண்ணீர் அமோனியாவை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் தனியாகத் திரும்பும். நூறு வருஷம் ஆகியும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

திரவம் எல்லாம் தன் பாரத்தில்தான் இறங்கி ஓட வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்பது முக்கியம். ஓடும்போது ஆட்டத்தில் திரவம் ஓரிடத்தில் தேங்காது. மலையில் சரிவாக நிறுத்தி ராத்திரி முழுக்க ஓடவிட்டால்தான் வினை. திரவம் திரும்பி வராமல் பாய்லர் காய்ந்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கிற சோடியம் குரோமேட் கட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். பின்னால் மஞ்சள் கறையும் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடையும் இருந்தால் யூனிட் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். மூடியைத் திறந்து கேஸ் நிரப்புகிற சமாச்சாரம் இதில் கிடையாது, யூனிட்டையே மாற்ற வேண்டும். ரசமட்டக் கட்டை ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

சித்திரை வெயிலில் கரூர் பரமத்தியில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். ஐரோப்பாவின் கோடைக்காகக் கட்டிய வண்டி இங்கே திணறாமல் என்ன செய்யும்? போன வெயிலுக்கு வந்த ஒரு வண்டியில் வெளிச்சுவரில் சூடு வெளியேறுகிற மேல்பக்கத்துக் கிரில்லை ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்தார்கள். வெளியே 39 டிகிரி, ஃப்ரிட்ஜின் முதுகில் 58. ஸ்டிக்கரைக் கிழித்து, கண்டென்சருக்குப் பின்னால் இருந்த அகல இடைவெளியைத் தகடு வைத்துக் குறுக்கினேன். கீழ் கிரில்லில் நுழைகிற காற்று இனி தகடுகளை உரசாமல் மேலே போக முடியாது. உச்சியில் 12 வோல்ட் ஃபேன் ஒன்று. மறுநாள் காலை தயிர் புளிக்காமல் இருந்ததாக அந்த வீட்டு அம்மா போன் செய்து சொன்னார்.

எங்கள் பக்கத்து வெயிலுக்கு நான் சொல்வது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான். சரிவு அதற்கு அவ்வளவு பெரிய பொருட்டில்லை, வெயிலையும் தாங்கும். அதன் தொந்தரவு வேறு: மெல்லிசு ஒயர். டான்ஃபாஸ் பிடி 35 என்ற கம்ப்ரசரில், கன்ட்ரோல் பெட்டிக்கு வரும் வோல்டேஜ் 10.4-க்கு இறங்கினால் தானாக நின்றுவிடும். சின்ன எல்இடி ஒன்று மாட்டினால், எதனால் நின்றது என்று அதுவே மின்னிக் காட்டும். ஒரே மின்னல் என்றால் வோல்டேஜ் குறைவு. ஒரு வண்டியில் பேட்டரியில் 12.5 இருந்தது. கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் கன்ட்ரோல் பெட்டியில் மீட்டரை வைத்தால் பத்துக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு வோல்டேஜையும் லைட்டுக்குப் போடுகிற ஒயர் வழியிலேயே தின்றிருந்தது. கம்ப்ரசரே போய்விட்டது என்று யாரோ சொல்லி, புதுசு வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார் அந்த வண்டிக்காரர். 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடி ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்ததும் பழைய கம்ப்ரசரே ஓடியது.

இப்போது கையில் இருப்பது போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி. மாதக்கணக்கில் வடக்கே போர் போடப் போகிறவர்கள் லாரியிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆட்களுக்குப் பாலும் காய்கறியும் கெடாமல் இருக்கணும் என்று முதலாளி கேட்கிறார். லாரி பேட்டரி 24 வோல்ட் என்பதால், 12, 24 இரண்டிலும் ஓடுகிற கம்ப்ரசர் ஃப்ரிட்ஜையே எடுத்தோம். கண்டென்சரில் ரிக் தூசி அப்பும். வாரத்துக்கு ஒரு தடவை மெல்லிய பிரஷ்ஷால் தட்டச் சொல்லியிருக்கிறேன். ரிக்கின் அழுத்தக் காற்றை நேராக அடித்தால் தகடெல்லாம் மடங்கிவிடும் என்று டிரைவர் அண்ணனிடம் ஒரு பழைய கண்டென்சரில் அடித்தே காட்டிவிட்டேன். குழாய்க்கு ரப்பர் புஷ் போட்டாகிவிட்டது, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வெட்டுகிற கிரில் மட்டும் பாக்கி.