ஜிப்சி முன் ஆக்சில் சீல்: வேலைக் குறிப்பு

நவம்பர் 4, 2023, சனி

கூடலூர் எஸ்டேட் ரோட்டில் ஓடும் மாருதி ஜிப்சி கிங், 1.3 லிட்டர் இன்ஜின். இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம், சக்கரத்தைத் திருப்பும் கணுவான நக்கிளின் உருண்டையைச் சுற்றிக் கறுப்புக் கூழாக வழிகிறது. டயரின் உள்பக்கமெல்லாம் தெறித்திருக்கிறது.

என்ன ஒழுகுகிறது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடக் கூடாது. விரலில் எடுத்துத் தேய்த்து, மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதியான கிரவுனின் ஆயிலில் கந்தக வாடை தூக்கும். பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும். இங்கே கந்தக வாடை, கூடவே கிரீஸ். நக்கிளுக்குள் இருக்க வேண்டியது கிரீஸ் மட்டும்தான். அதில் ஆயில் கலந்தால், ஆக்சில் குழாயின் வாயில் ஆயிலை நிறுத்த உட்கார்ந்திருக்கும் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

வெளியே தெரியும் ரப்பர் வளையத்துக்கு வைப்பர் என்று பெயர். தூசியை வழித்துவிடும், கிரீஸைத் தாங்கும், அவ்வளவுதான். ஆயிலை நிறுத்த அதனால் ஆகாது. இந்த வண்டியில் வைப்பர் புதுசு. முன்பு வேலை பார்த்த பட்டறையில் அதை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒழுக்கு கொஞ்ச நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் இருக்கிறது. ஒருவர் பிரேக்கை மிதித்தபடி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது நக்கிள் மேலும் கீழும் மாட்டித் திரும்பும் முளை. இதில் நிற்கவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது என்று வண்டிக்காரர் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

கடைசியாக பிரீதர். ஆக்சிலின் மேல் உள்ள அந்தச் சின்ன மூச்சு வால்வு சேறு காய்ந்து அடைத்துக் கிடக்கிறது. வண்டி ஓடி ஆயில் சூடானால் உள்ளே காற்று விரியும். போக வழி இல்லாவிட்டால் சீலின் உதட்டை, அதாவது அதன் உள் விளிம்பை, தள்ளிக்கொண்டுதான் போகும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் நடப்பது நேர்மாறு: உள்ளே காற்று சுருங்கி, அதே வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

நவம்பர் 5, ஞாயிறு

முதலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட், அப்புறம் வடிக்கும் டிரெயின் போல்ட். இந்த வரிசை மாறக் கூடாது. ஆயிலை வடித்த பிறகு ஃபில்லர் கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடிந்த ஆயில் பால் காப்பி நிறம். தண்ணீர் ஏறியிருக்கிறது.

பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டோம். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. லாக்கிங் ஹப், சர்க்ளிப், லாக் நட், ஹப், அது சுழலும் குழாய்த் தண்டான ஸ்பிண்டில் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஸ்பிண்டில் துருவில் பிடித்திருந்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், மரை நசுங்கிவிடும். பிறகு கிரவுனிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டை ஜாயிண்ட்டோடு உருவலாம்.

இந்த இடத்திலேயே உள் சீல் கண்ணுக்குத் தெரியும், நெம்பி எடுத்துப் புதுசு போட்டுவிடலாம். பல பேர் இதோடு மூடிவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே ஒழுக்கு திரும்ப வருவது இதனால்தான். கிங் பின்னில் ஆட்டம் இருக்கும்போது சீலை மட்டும் மாற்றுவது பணத்துக்கும் கேடு, உழைப்புக்கும் கேடு.

நக்கிளை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு எண்டைக் கழற்றி நக்கிளை இறக்கினோம். மேல் கிங் பின்னின் ஷிம்மும் (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கீழ் கிங் பின்னின் ஷிம்மும் கலந்துவிடக் கூடாது. தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வைத்தாயிற்று.

நவம்பர் 7, செவ்வாய்

கழுவிய பிறகு காரணங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கீழ் கிங் பின் பேரிங்கின் வெளி வளையமான கப்பில் உருளைகள் குத்திய தழும்பு. ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் வெண்கல புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, துளை முட்டை வடிவமாகிவிட்டது. ஷாஃப்ட்டின் வெளிமுனையைத் தாங்குவது இந்த புஷ்தான். அது தேய்ந்தால் ஷாஃப்ட் சீலின் நடுவில் நிற்காது. உதட்டின் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் திறந்துகொள்ளும். எத்தனை நல்ல சீல் போட்டாலும் கதை இதுதான்.

ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் மெல்லிய பள்ளம், நகத்தில் தட்டுகிறது. நகத்தில் தட்டினால் புது சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்காரக் கூடாது. சீலை 2 மில்லிமீட்டர் முன்னதாக நிறுத்தினால் பள்ளம் இல்லாத பளபளப்பான இடத்தில் உட்காரும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஷாஃப்ட்டை மாற்றுவதே வழி.

உருண்டையில் துருப் புள்ளிகள் இருந்தன. 400 நம்பர் எமரியில் தேய்த்தாயிற்று. பிரேக் பேடிலும் ஆயில் ஏறியிருக்கிறது, கழுவினால் போகாது. இரண்டு பக்கமும் புது பேட்.

வாங்கியவை: உள் சீல், வைப்பர் செட், கிங் பின் பேரிங் 2, ஸ்பிண்டில் புஷ், ஹப் சீல், லாக் வாஷர், ஜாயிண்ட்டுக்கு மாலி கிரீஸ், ஹப்புக்கு லித்தியம் கிரீஸ், ஜிஎல்-5 80டபிள்யூ-90 ஆயில்.

நவம்பர் 8, புதன்

சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிரவுனைப் பார்க்க வேண்டும். வெளி விளிம்புக்குச் சரியான தட்டையான வளையம் வைத்து, சாயாமல் சுற்றித் தட்டினோம். உதட்டில் கிரீஸ் தடவாமல் ஷாஃப்ட்டை விடக் கூடாது. காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும்.

நக்கிளை ஏற்றி, கிங் பின் இறுக்கத்தைப் பார்ப்பது ஷாஃப்டும் வைப்பரும் போடும் முன்பு. டை ராடு துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால், நக்கிள் அசையத் தொடங்கும்போது 1.0 முதல் 1.8 கிலோ காட்ட வேண்டும். முதல் தடவை அரைக் கிலோகூட இல்லை. ஷிம் 0.1, 0.5 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது. மேலே ஒரு 0.1, கீழே ஒரு 0.1 எடுத்ததும் 1.4 கிலோ. ஒரே பக்கத்தில் எடுத்தால் நக்கிள் மேலே அல்லது கீழே நகரும், ஷாஃப்ட் மறுபடி சீலின் நடுவை விட்டு விலகும்.

ஷாஃப்ட்டைச் செருகும்போது அதன் பாரம் உதட்டில் விழவே கூடாது. ஷாஃப்ட் முனையில் உள்ள பல்லின் கூர்முனை ஒரு தரம் உரசினால் புது சீல் அங்கேயே கிழிந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பல் கிரவுனில் பிடிக்கும் வரை நேராகத் தள்ள வேண்டும். ஒருவர் டார்ச் பிடித்து உள்ளே பார்த்துச் சொன்னால் நல்லது.

நக்கிளுக்குள் கிரீஸ் பாதிக்குச் சற்று மேல் போதும். அடைத்துத் திணித்தால் வைப்பர் வழியாகப் பிதுங்கி, புது ஒழுக்கு மாதிரியே பயமுறுத்தும்.

முன் ஆக்சிலுக்கு 2 லிட்டர் ஆயில். வண்டி சமதரையில் நிற்க, ஃபில்லர் வாயில் ததும்பியதும் நிறுத்த வேண்டும். சாய்ந்து நிற்கும்போது ஊற்றினால் அதிகமாகி, சீலுக்கு முதல் நாளே சுமை. பழைய பிரீதரை எடுத்துவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டு, இன்ஜின் அறையின் உச்சி வரை கொண்டுபோய் முனையைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்தாயிற்று.

நவம்பர் 19, ஞாயிறு

வண்டி 500 கிலோமீட்டர் ஓடி வந்தது. உருண்டையில் மெல்லிய கிரீஸ் படலம், அது இருக்கத்தான் வேண்டும். கந்தக வாடை இல்லை, டயரின் உள்பக்கம் காய்ந்திருக்கிறது, ஆயில் மட்டம் இறங்கவில்லை. 60-ல் உதறலும் போய்விட்டது.

ஹப் பேரிங் உட்கார்ந்ததில் துளி ஆட்டம் வந்திருந்தது. லாக் வாஷரின் நாக்கை நிமிர்த்தி, நட்டைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி மடித்துவிட்டோம். வலது பக்க உருண்டையிலும் கிரீஸ் இளகத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் சீல், புஷ், பேரிங் சொல்லி வைத்தாயிற்று.