கத்தி பிடிக்கும் கை

மார்ச் 4, 2025, செவ்வாய்

இங்கே இலங்கையில் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தம்பி வீடியோவில் வந்தான். கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத்தில் அப்போது நள்ளிரவு, வேலை முடிந்த நேரம். மாட்டிறைச்சியை எலும்பிலிருந்து பிரிக்கும் வேலை. இடது கைக்கு எஃகு வளையங்கள் கோத்த கையுறை, முன்னங்கைக்குக் காப்பு, வயிற்றுக்கும் அதே வளையத்தில் ஏப்ரன், காதுக்கு அடைப்பான். எல்லாம் கம்பனி கொடுத்தது என்று காட்டினான். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு வரவில்லை. கதைக்கும்போதெல்லாம் வலது கையை உதறிக்கொண்டே இருந்தான். கத்தி பிடிக்கும் கை அது.

மார்ச் 6, வியாழன்

பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றனவாம். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. படுத்தால் கூடுகிறதாம்.

பிசியோதெரபி செய்யும் சிநேகிதியிடம் கேட்டேன். மணிக்கட்டில் ஒடுக்கமான வழியால் போகும் நரம்பு நசிபடுகிறது போலிருக்கிறது, டொக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். குளிர், இறுக்கமான பிடி, ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வது, மூன்றும் சேர்ந்தால் வரக்கூடியதுதானாம். கத்தி மழுங்கினால் இன்னும் அழுத்த வேண்டும். தீட்ட நின்றால், இறைச்சியை முன்னால் கொண்டுவரும் ஓடும் பெல்ட்டில் இறைச்சி குவிந்துவிடும் என்கிறான் இவன்.

மார்ச் 8, சனி

சந்தையில் இறைச்சிக்கடை நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் கையுறை போட்டதே இல்லை. ஆட்காட்டி விரலில் பெரிய தழும்பு இருக்கிறது, அது சரியில்லைதான். ஆனால் நான் நிற்கும்போதே கத்தியைத் தீட்டினார், பிறகு வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். "கை களைச்சா நிப்பாட்டுவன் தங்கச்சி, ஆர் கேக்கிறது?" என்றார்.

தம்பிக்கு அதுதான் இல்லை. பெல்ட்டின் வேகத்தைக் குறைக்காமல் கவசங்களை மட்டும் அடுக்குவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை அங்கே கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இன்று பதினொன்றரைக்கே எடுத்தான். சுப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை. அவனுடைய வேலை அனுமதி அந்த ஒரு கம்பனிக்கு மட்டுமானது. வேலை போனால் நாடும் போகும் என்ற பயம். பக்கத்தில் நிற்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் அதே பயமாம்.

எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் அதே மாகாணத்து ஹை ரிவர் நகரில், 2,000 பேரளவில் வேலை செய்த இறைச்சி ஆலையொன்றில் 900 பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. பெரும்பாலும் குடியேறிய தொழிலாளர்கள், தோளோடு தோள் ஒட்டி நின்றவர்கள். கனடாவில் ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. முதலாளி துன்புறுத்தினால் வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி கேட்கும் வழியும் 2019இலிருந்து இருக்கிறது. இதையெல்லாம் விமானம் ஏறுமுன் இங்கே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

உப்புவெளிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், இதே மாதிரி வேலைக்குப் போகிறார்களாம். சம்பளமும் அறை வாடகையும் கேட்டார்கள். சொன்னேன். அப்புறம், கத்தி தீட்ட நேரம் தருவார்களா, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வேலையை மாற்றித் தருவார்களா என்று ஏஜென்சியிடம் கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன். பெரியவன் போனில் குறித்துக்கொண்டான்.

தம்பி யூனியன்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டான்! வேலையால் வந்த பாதிப்பு என்று பதிவாகியிருக்கிறது. கம்பனி 72 மணித்தியாலத்துக்குள் தொழிலாளர் நட்டஈட்டுச் சபைக்கு அறிவிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் போகிறான். படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு என்றிருக்கிறேன்.