ஒரே லேப்டாப்பில் நான்கு பைத்தான்

என் லேப்டாப்பில் பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.7, 3.9, 3.12 பதிப்புகள் மூன்றும் இருக்கின்றன. இயங்குதளமான உபுண்டு 22.04 தன்னோடு கொண்டுவந்த 3.10 தனி. எதற்கு இத்தனை என்று கேட்கிறார்கள். வேலை அப்படி. ஒரு வாடிக்கையாளருக்கு, பைத்தானில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவின் 2.2 பதிப்பில் எழுதிய ஆர்டர் கணக்கு இன்னும் ஓடுகிறது. அதில் இருக்கும் ஒரு பழைய நூலகம் (பிறர் எழுதிவைத்த நிரல்), பைத்தானோடு வரும் 'கலெக்‌ஷன்ஸ்' தொகுப்பிலிருந்து 'மேப்பிங்' என்பதை நேரடியாக எடுக்கிறது. 3.10-இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இன்னொரு வேலைக்கு, பைத்தானோடு வந்துகொண்டிருந்த 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற நிறுவல் கருவி வேண்டும். 3.12-இல் அது இல்லை. புதிதாக எடுத்த வேலையோ ஜாங்கோ 5. அது 3.10-க்குக் கீழே இறங்காது.

பழையதையெல்லாம் புதியதற்கு மாற்றிவிடலாமே என்பது நியாயமான கேள்விதான். திருத்த வேண்டியது பத்து வரியாக இருக்கலாம். ஆனால் அதனால் வேறெதுவும் உடையவில்லை என்று சோதித்துக் காட்டுவதற்குத்தான் நேரமும் பணமும். அதுவரை பில் போடுவது நிற்கக் கூடாது. 3.7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜூனோடு நின்றுவிட்டன என்பதை அந்த வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மென்பொருள் இணையத்துக்கு வெளியே, அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் ஓடுகிறது.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உபுண்டுவின் சொந்தப் பைத்தானைத் தொடாதீர்கள். அது உங்களுக்காக வைத்தது இல்லை, இயங்குதளம் தன் வேலைக்காக வைத்துக்கொண்டது. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் 3.11-ஐ நிறுவி, 'பைத்தான்3' என்ற இணைப்பை அதை நோக்கித் திருப்பிவிட்டார். மறுநாள், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திறக்கவில்லை. மென்பொருள் இறக்கப் புதிய களஞ்சியம் சேர்க்கும் கட்டளையும் 'ஏபிடி_பிகேஜி' என்ற மாட்யூல் (நிரல் துண்டு) இல்லை என்று நின்றது. அந்த மாட்யூல் சி மொழியில் எழுதி 3.10-க்கென்றே தொகுக்கப்பட்டது (கம்பைல் செய்யப்பட்டது), 3.11-இன் கண்ணுக்கு அது தெரியாது. டெர்மினலைத் திறக்கும் கட்டளையே உபுண்டுவில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். இணைப்பைப் பழையபடி திருப்பியதும் எல்லாம் சரியாயிற்று.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் பைத்தானுக்குள், நூலகங்களை நிறுவும் 'பிப்' வழியாக எதையாவது நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லித் தடுக்கிறது. தடையை மீற ஒரு விருப்பம் உண்டு. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று அதன் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதையே தீர்வாக எடுத்துப் போடும் பதில்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே கணினியில் பல பைத்தான்களை வைத்து மாற்றிக்கொள்ள நான் பயன்படுத்துவது 'பைஎன்வ்'. ரூபி மொழிக்காக வந்த 'ஆர்பிஎன்வ்'-இலிருந்து பிறந்த கருவி. அது செய்வது எளிமையான வேலை. டெர்மினல் கட்டளைகளைத் தேடும் 'பாத்' வரிசையின் முன்னால் தன்னுடைய கோப்புறை ஒன்றை வைத்துவிடும். அதற்குள் பைத்தான், பிப் என்ற பெயர்களில் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். நாம் பைத்தான் என்று அடித்ததும் அந்த ஸ்கிரிப்ட் எந்தப் பதிப்பு என்று பார்க்கும். முதலில் டெர்மினலில் நாம் வைக்கும் சூழல் மாறி, அடுத்து நாம் நிற்கும் கோப்புறையில் 'பைத்தான்-வெர்ஷன்' என்ற புள்ளிக் கோப்பு, இல்லையென்றால் மேல் கோப்புறைகள், கடைசியில் பொதுவான அமைப்பு. எதுவுமே இல்லையென்றால் கணினியின் பைத்தான். எனக்குப் பிடித்தது அந்தப் புள்ளிக் கோப்பு. ஒரே வரிதான். அதை, நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் சேர்த்துவிட்டால் அடுத்து வருகிறவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பைஎன்வ் மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே தொகுக்கும். அதனால் ஓபன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், ரீட்லைன், பிஇசட்2 ஆகிய நூலகங்களின் 'டெவ்' தொகுப்புகள் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) முன்பே இருக்க வேண்டும். சில இல்லாவிட்டாலும் ஓர் எச்சரிக்கை வரியோடு தொகுத்து முடித்துவிடும். பிறகு ஒருநாள் ஜாங்கோவை ஓட்டும்போதுதான் எஸ்க்யூலைட் மாட்யூல் இல்லை என்று தெரியும். நிறுவி முடிந்ததும் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3 இரண்டையும் இம்போர்ட் செய்து பார்த்துவிடுங்கள்.

பதிப்பைப் பிரித்தால் மட்டும் போதாது. ஜாங்கோ 5-இல் இரண்டு வேலைகள் வந்தால் இரண்டும் ஒரே 3.12-இன் நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி வென்வ், அதாவது நூலகங்களைத் தனியே வைக்கும் கோப்புறை. பிப்பையும் தனியாக அழைக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்றே அழைக்கிறேன். எந்தப் பைத்தானுக்குள் போகிறது என்ற சந்தேகமே வராது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஓடும் வேலைகளுக்கு வென்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையும் எழுதுங்கள். கிரான், டெர்மினலுக்கான உங்கள் பேஷ் அமைப்புகளைப் படிக்காது, பைஎன்வ் இருப்பதே அதற்குத் தெரியாது.

இப்போது இதே வேலைக்கு 'யூவி' என்ற கருவி வந்திருக்கிறது. 2024-இல் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்டது. முன்பே தொகுத்த பைத்தானை இறக்குவதால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும், அதே புள்ளிக் கோப்பையும் படிக்கும். புதிய வேலைகளை அதில்தான் தொடங்குகிறேன். அதேபோல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் பதிப்புகளுக்கு 'என்விஎம்' வைத்திருக்கிறேன், எண்ணம் ஒன்றேதான்.

ஒரு பொறுப்பு நம் தலையில் விழுகிறது. உபுண்டுவின் 3.10-க்கான திருத்தங்கள் வழக்கமான அப்டேட்டோடு வந்துவிடும். நாமே நிறுவிய 3.12-க்கு அப்படி வராது. புதிய திருத்தப் பதிப்பு வெளியானதும் நாமே நிறுவ வேண்டும். பழையதை நீக்கும் முன் ஒவ்வொரு வென்வுக்குள்ளும் இருக்கும் 'பைவென்வ்' அமைப்புக் கோப்பைத் திறந்து, 'ஹோம்' என்ற வரி எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று பாருங்கள். லினக்ஸில் வென்வுக்குள் இருப்பது வழக்கமாக வெறும் இணைப்புதான். அந்தப் பாதையில் பைத்தான் இல்லையென்றால் வென்வைப் புதிதாக உருவாக்கி, நூலகங்களை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.