பாதிக்குப் பாதி

சென்னையில் இறையியல் கல்லூரி நூலகர் நான். திருச்சபைத் தலைமையில் பெண்கள் என்ற கருத்தரங்குக்காக நான் தயாரித்த வாசிப்புப் பட்டியலில் ஆதரவு நூல்களும் மறுப்பு நூல்களும் சரிபாதியாக இருந்தன. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா ஆதரவாக 1983இல் எழுதிய ‘இன் மெமரி ஆஃப் ஹெர்’ இருந்தால், பைப்பரும் குரூடமும் மறுப்பாக 1991இல் தொகுத்த ‘ரிகவரிங் பிப்ளிக்கல் மேன்ஹூட் அண்ட் உமன்ஹூட்’ நூலும் இருக்க வேண்டும். ரோமர் 16ஆம் அதிகாரத்து யூனியாவைப் பெண் அப்போஸ்தலர் என்று நிறுவும் அறிஞர் எல்டன் எப்பின் நூல் இருந்தால், பெண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய மடலும் இருக்க வேண்டும். நூலகருக்குக் கட்சி கூடாது என்பது நான் படித்த பாடம்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தி பட்டியலோடு வந்தாள். பாளையங்கோட்டைக்காரி. குருப்பட்டம் பெறும் எண்ணத்தோடு படிப்பவள்.

“அக்கா, இதில் பாதிப் புத்தகங்கள் நான் குருவாகக் கூடாது என்கின்றன. அவற்றையும் நான் படிக்கத்தான் வேண்டுமா?”

“படிக்காமல் எப்படியம்மா பதில் சொல்வாய்?”

“பதில் சொல்ல வேண்டியவள் நான் மட்டும்தானா? வகுப்பில் இருக்கும் அண்ணன்மார் மற்றப் பாதியைப் படிப்பார்களா?”

படிப்பார்கள் என்று சொன்னேன். அந்தப் பதில்தான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நாளை இவள் ஒரு சபைக்குப் போய் நிற்கும்போது, பெண் உபதேசிக்கக் கூடாது என்று சொல்லும் ஒன்று தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் புத்தகம் பார்க்காமலே சொல்லக்கூடிய மூப்பர் ஒருவராவது இருப்பார். பெண் ஆயர் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறன்று வேறு ஆலயத்துக்குப் போய்விடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு அறிந்தவளாக அவள் போக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. பின்னாளில் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியாலின் பேராயராக்கியது. அவளுடைய சபை தீர்த்துவைத்த வழக்கை நான் ஏன் மறுபடியும் விசாரணைக்கு எடுத்தேன்? எங்கள் மாணவர்கள் எல்லோரும் அந்தச் சபையார் அல்லர் என்பது உண்மை. பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த நிலை சபைக்குச் சபை மாறும். அவர்களில் பலருக்கு இது இன்னும் திறந்த கேள்வி. அப்படியென்றால் சரிபாதி சரிதான். இப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். பிறகு இரவல் பதிவேட்டைப் பார்ப்பேன்.

பைப்பர்–குரூடம் தொகுப்பை மாணவிகள் எடுத்திருந்தார்கள். அவள் எடுத்து, தவணையை நீட்டித்து, மறுபடியும் நீட்டித்திருந்தாள். ஃபியோரென்சாவை எடுத்த பெயர்களும் மாணவிகளுடையவையே. இரு தரப்பையும் படித்தவர்கள் பெண்கள். ஆண்களில் பெரும்பாலோர் எதையும் எடுக்கவில்லை. அவர்களுக்கு அவசியம் இல்லை. குருப்பணிக்கான அவர்களுடைய அழைப்பை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. தாளில் சமமாகத் தெரிந்த பட்டியலின் பாரம் முழுவதும் ஒரே தோளில் இறங்கியிருக்கிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவள் இன்னொன்றும் கேட்டாள். “கிளாரிந்தா ஏன் இதில் இல்லை, அக்கா?” 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற மராட்டிய பிராமண விதவை. பாளையங்கோட்டையில் சபையைக் கூட்டி வளர்த்தவர். அவர் கட்டி 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊர் சொல்கிறது. அவரைப் பற்றிய நூல்கள் எங்களிடம் மிஷன் வரலாற்று அடுக்கில் இருக்கின்றன. தலைமை என்று தேடினால் வருவதெல்லாம் ‘கூடுமா, கூடாதா’ என்ற விவாதம்தான். யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நிற்காமல் சபையை நடத்திய ஒரு பெண்ணுக்கு என் இரண்டு பாதிகளிலும் இடமில்லை.

அடுத்த பட்டியலில் மறுப்பு நூல்களை நீக்கப்போவதில்லை. கிளாரிந்தாவை எந்தப் பாதியிலும் சேர்க்காமல் முதலில் எழுதியிருக்கிறேன். ஆனால் பட்டியலை மாற்றினால் வாசிப்பவர்கள் மாறுவார்களா? அதனால் கருத்தரங்கை நடத்தும் ஆசிரியரிடம் போனேன். ஃபியோரென்சாவையும் எப்பையும் ஆண் மாணவர்களின் பெயருக்கு நேராகக் குறித்து, ஆளுக்கொரு கட்டுரை கேளுங்கள் என்றேன்.

“கட்டாயப்படுத்திப் படிக்கவைத்தால் மனம் திறக்குமா, அம்மா?” என்றார்.

எபிரேய இலக்கணத்தைக் கட்டாயமாகத்தானே படிக்கவைக்கிறோம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. பருவம் தொடங்குவதற்குள் மறுபடியும் போய்க் கேட்பேன்.