118 மாடியும் ஐந்தடி நிழலும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தை வீடு நாலாவது மாடி. போய் இறங்கிய மறுநாள் காலை, துணி காயப்போடும் பின்பக்கத்தில் நின்று பார்த்தால் கூரைகளுக்கு மேலே மெர்டேக்கா 118 கோபுரம் தெரிந்தது. பாதிதான் தெரிந்தது. மீதியை மேகம் மூடியிருந்தது. விலகட்டும் என்று காப்பி டம்ளரோடு அங்கேயே நின்றேன். மாமா வந்து எட்டிப் பார்த்தார். "முதல்ல பசியாறிட்டு வா தம்பி. அது எங்கயும் ஓடிப் போகாது."

திருச்சியில் கட்டட வரைபடம் போடுவது என் வேலை. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறையில் உட்கார முடியாது என்று பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். அதனால் கோலாலம்பூர் கோபுரங்களைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வருடம் முழுக்க வெயில், சொல்லாமல் கொள்ளாமல் மழை. இரண்டையும் இந்தக் கட்டடங்கள் எப்படிச் சமாளிக்கின்றன? நேரில் பார்க்க நாலு நாள் ஒதுக்கிக்கொண்டு போனேன். மாமா துணைக்கு வந்தது என் அதிர்ஷ்டம். அவர் ஒரு அலுவலகக் கோபுரத்தில் முப்பது வருடம் ஏர்கண்டிஷன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே இருந்து நான் பார்ப்பதை அவர் உள்ளே இருந்து பார்த்திருக்கிறார்.

மூசியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மெர்டேக்கா. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். 678.9 மீட்டர். உலகத்தில் இதைவிட உயரமானது துபாயின் புர்ஜ் கலீஃபா மட்டும்தான். வடிவமைத்தவர்கள் ஃபெண்டர் காட்சாலிடிஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். 2021 நவம்பரில் உச்சிக் கூர் ஏறியது, 2024 ஜனவரியில் முறைப்படி திறந்தார்கள்.

கோபுரத்தின் கண்ணாடி எங்கும் ஒரே தளமாக இல்லை. முக்கோணம் முக்கோணமாக மடித்து வைத்தது போல இருக்கிறது. ஒரு மடிப்பு வெள்ளியாக மின்னும்போது பக்கத்து மடிப்பு கருநீலமாக இருக்கும். பத்து அடி நகர்ந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். மலாய்க்காரர்களின் சொங்கெட் துணியில் ஜரிகை போடும் கட்டம் மாதிரி என்கிறார்கள். எனக்கு நினைவு வந்தது பட்டுப் புடவையைத் திருப்பித் திருப்பிக் காட்டும் கடைக்காரர்தான்.

பக்கத்திலேயே மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31 காலை, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி ஏழு முறை 'மெர்டேக்கா', அதாவது விடுதலை, என்று முழங்கிய இடம். அந்த உயர்த்திய கையைத்தான் கோபுரத்தின் வடிவம் குறிக்கிறது. மாமாவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தாராம். "எங்கப்பாவுக்கு மலாய் அரைகுறைதான். ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் சாகுற வரைக்கும் அதே மாதிரி சொல்லிக் காட்டுவாரு," என்றார். சொன்னவர் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்க்கவில்லை. அரங்கத்தின் விளக்குத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கத்தை வடிவமைத்தவர் ஸ்டான்லி ஜூக்ஸ். பழுதுபார்த்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இவ்வளவு பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் அதை இடிக்காமல் விட்டார்களே என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். கோபுரம் எதைக் கொண்டாடுகிறதோ அது பக்கத்திலேயே நிற்கிறது.

அதற்குள் மணி பதினொன்று. நாங்கள் நடந்த தெருவில் ஒதுங்க நிழல் இல்லை. பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வானம் சட்டென்று இருண்டு மழை கொட்டியது. மாமா ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்து ஒரு பழைய கடை வரிசைக்குள் நுழைந்தார், அவ்வளவுதான். "அஞ்சடிக்குள்ள வந்துரு."

ஐந்தடி நடைபாதையைத்தான் அப்படிச் சொல்கிறார். கடையின் மேல்மாடி தெரு வரைக்கும் நீண்டிருக்கும், கீழே தூண்களுக்கும் கடைக்கும் நடுவில் எல்லோரும் நடக்கலாம். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு கடைக்காரரும் இப்படி மூடிய நடைபாதை விட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த வழக்கம் மலாயா முழுக்கப் பரவியது. கோலாலம்பூரில் 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் அத்தாப்பு ஓலைக் குடிசைகளையும் வாரிக்கொண்டு போயின. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய நிர்வாகி ஸ்வெட்டென்ஹாம் உத்தரவு போட்டார். செங்கல் சூளைகள் வந்த இடத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் என்று பெயர். மாமா பிறந்து வளர்ந்த ஊர்ப்பெயருக்குள் இந்த நகரத்தின் சுவரே இருக்கிறது.

முக்கால் மணி நேரம் மழை. ஐந்தடிக்குள் பூ கட்டுகிற அம்மா கட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் சாவி ராவிக்கொண்டிருந்தார், பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். ஒரு சொட்டு யார் மேலும் படவில்லை. வரைபடத்தில் பார்த்தால் தூண், கூரை, ஐந்து அடி இடைவெளி, இவ்வளவுதான். இதைவிடக் குறைந்த செலவில் இத்தனை பேருக்கு உதவுகிற வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

மழை விட்டதும் துன் எச். எஸ். லீ சாலையில் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கோயில் 1873இல் தொடங்கியது. இப்போது நிற்கும் கட்டடம் 1968இல் எழுந்தது. ஐந்து நிலைக் கோபுரம், 22.9 மீட்டர். 118இன் உயரத்தில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. ஆனால் கண்ணுக்கு ஒவ்வொரு நிலையிலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஒரு முகம், ஒரு யாளி, ஒரு மடித்த கால். கீழிருந்து மேலே ஏறுவதற்குள் பார்வை பத்து இடத்தில் நிற்கிறது. உயரமாகக் கட்டுகிறவர்களுக்கு இது ஒரு பாடம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாவது நாள் மாமாவின் காரில் சுபாங் ஜெயாவுக்குப் போனோம். வழியில், ஃபெடரல் ஹைவேயில் டெலிகோம் கோபுரம் வந்தது. ஹிஜ்ஜாஸ் கஸ்தூரி வடிவமைத்தது, 310 மீட்டர், 2001. மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்து வருவது போல வளைந்து நிற்கிறது. நடுநடுவே வானத்துத் தோட்டங்கள். மேபேங்க் கோபுரமும், இடை சிறுத்த தபோங் ஹாஜி கட்டடமும் அவருடையவைதான். அவற்றை ஓடும் வண்டியிலிருந்தும் ரசிக்க முடிந்தது. நான் இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்று வந்தது வேறு ஒன்றை.

மெனாரா மெசினியாகா. பதினைந்து மாடிதான். 1992இல் முடிந்தது. பினாங்கில் பிறந்த கென் யாங் வடிவமைத்து, 1995இல் ஆகா கான் விருது வாங்கியது. முதல் பார்வையில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உருண்டை வடிவம், வெளியே தெரியும் இரும்புச் சட்டங்கள், உச்சியில் ஏதோ பாதியில் விட்ட மாதிரி ஒரு கம்பிப் பந்தல். நான் சாலையின் இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன்.

கட்டடத்தின் அடியில் மண்ணை மேடாக்கிப் புல் வளர்த்திருக்கிறார்கள். அங்கே தொடங்கும் பச்சை, இரண்டு மூன்று மாடிக்கு ஒரு திறந்த தோட்டமாகச் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. வெயில் நேராக விழும் பக்கங்களில் ஜன்னலுக்கு வெளியே அலுமினியத் தகடுகள் நிழல் போடுகின்றன. உச்சியில் இருக்கும் பந்தல் மொட்டை மாடிக்கும் நீச்சல் குளத்துக்கும். எனக்கு மிகவும் பிடித்தது கிழக்குப் பக்கம். லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் வெயில் சுடும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார் கென் யாங். காலை வெயிலை அவை வாங்கிக்கொள்கின்றன, உட்கார்ந்து வேலை செய்கிறவர் வரை சூடு போவதில்லை. அதோடு லிஃப்டுக்குக் காத்திருக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இயற்கையான காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றன.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாங்க வேலை செஞ்ச எடத்துல லிஃப்ட் முன்னால ராத்திரியும் பகலும் விளக்கு எரியும், ஏர்கான் ஓடும். நடுவுல வச்சுட்டாங்க, ஜன்னல் எங்கேருந்து வரும்? முப்பது வருசமா அந்த மெஷினுக்கு நான் எண்ணெய் ஊத்துனேன். இந்த ஆளு அந்த மெஷினே வேண்டாம்னு வரைஞ்சுட்டாரு பாரு," என்றார். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

திருச்சியில் எங்கள் தாத்தா வீட்டில் மேற்குப் பக்கம் முழுக்க நெல் அறையும் மாட்டுக் கொட்டகையும்தான். மனிதர்கள் படுப்பது கிழக்கே. அதே யோசனை, பதினைந்து மாடி உயரத்தில்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. 451.9 மீட்டர், 88 மாடி, சீசர் பெல்லி வடிவமைத்தது, 1998. இது பெரும்பாலும் கான்கிரீட் கட்டடம் என்பது பலருக்குத் தெரியாது. கீழ் மாடித் தூண்களில் 80 மெகாபாஸ்கல் வலிமை. நாங்கள் வீட்டுக்கு 20, 25 போடுகிறோம். முதலில் குறித்த இடத்தில் மண்ணைச் சோதித்தால், ஒரு பகுதிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, அதில் குகைகளும் பிளவுகளும். கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். அப்படியும் சில அடித்தளத் தூண்கள் நூறு மீட்டருக்கு மேல் இறங்கின. மாமா இதைக் கேட்டதும், "அப்ப பத்துமலைக் கல்லு இங்க வரைக்கும் வருதா?" என்றார். வருகிறது. முருகன் வெளியே குகையாக வைத்திருக்கும் அதே சுண்ணாம்புப் பாறை இனம்தான் நகரத்துக்கு அடியிலும் ஓடுகிறது.

41, 42ஆம் மாடிகளை இணைக்கும் 58 மீட்டர் பாலம் கோபுரங்களோடு இறுக்கிப் பூட்டப்படவில்லை. காற்றில் இரண்டு கோபுரமும் தனித்தனியாக அசையும், பாலம் வழுக்கி இடம் கொடுக்கும். ஒவ்வொரு மாடி ஜன்னலுக்கு மேலும் எஃகு நிழல் பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் பளபளப்பாகத் தெரிவதில் பாதி அந்தப் பட்டைகள்தான். மேலே போகப் போகத் தட்டுத்தட்டாகக் குறுகுவதைப் பார்க்கும்போது, கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த கண் தானாகவே நிலைகளை எண்ண ஆரம்பிக்கிறது.

இருட்டியதும் சலோமா பாலத்துக்கு நடந்தோம். 2020 பிப்ரவரியில் திறந்தது, 69 மீட்டர், கிள்ளான் ஆற்றையும் விரைவுச் சாலையையும் தாண்டி பழைய மலாய்க் குடியிருப்பான கம்போங் பாருவை, இரட்டைக் கோபுரம் நிற்கும் கேஎல்சிசி பக்கத்தோடு இணைக்கிறது. மலாய்க் கல்யாணத்தில் வெற்றிலையை அடுக்கி வைக்கும் 'சிரே ஜுஞ்சோங்' அலங்காரம்தான் அதன் வடிவம். தலைக்கு மேல் கண்ணாடி இலைகள் அடுக்கடுக்காகக் கவிந்திருக்க, நிறம் மாறி மாறி விளக்கு எரிகிறது. ஒரு பக்கம் தூண் மேல் நிற்கும் மர வீடுகள், குச்சியில் இறைச்சி சுடும் சாத்தே புகை. மறுபக்கம் இரட்டைக் கோபுரம். தூறல் போட்டது. பாலத்தின் நடுவில் நின்றோம், பெரிதாக நனையவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "இது நல்ல அஞ்சடி," என்றார் மாமா.

கிளம்புகிற அன்று காலை அத்தை வாசலில் கோலம் போட்டார். வாசல் என்றால் பொது நடைவழியில் கதவுக்கு முன்னால் இரண்டடி. இரட்டைக் கோபுரத்தின் தரைப்படமும் கோலம்தான் என்றேன், நம்பவில்லை. ஒரு சதுரம் போடச் சொன்னேன். அதன் மேலேயே சாய்த்து இன்னொரு சதுரம். எட்டு முனை நட்சத்திரம் வந்துவிட்டது.

"இது வெள்ளிக்கிழமைக்குப் போடுறதுதானே. இதுல என்ன இருக்கு?"

"முனைக்கும் முனைக்கும் நடுவுல உள்ளே ஒடுங்குது பாருங்க அத்தை. அங்க இடம் வீணாப் போகுது. அதனால ஒவ்வொண்ணுலயும் ஒரு அரைவட்டம் வெளியே தள்ளிட்டாங்க."

அத்தை மாவை இரண்டு விரலில் எடுத்து எட்டு அரைவட்டமும் வரிசையாகப் போட்டார். எழுந்து தள்ளி நின்று பார்த்தார். லிஃப்ட் பக்கம் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நின்று, "இது என்னங்க புதுக் கோலமா இருக்கு?" என்று கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பாமலே, "நம்ம ட்வின் டவர்," என்றார்.