ஸ்பிதிக்கு அரசுப் பேருந்தில்: பதினைந்து இரவுகளின் கணக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு இரண்டு வாசல்கள். மணாலி வாசல் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ஒரே பகலில் போய்விடலாம். சிம்லா வாசல் அதைப் போல இரண்டு மடங்கு தூரம். முதல்முறை போகிறவர்களில் பெரும்பாலோர் கிட்டத்தில் இருப்பதைத்தான் பிடிக்கிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டரில். வழியில் வரும் குன்சும் கணவாய் 4,551 மீட்டர். அதைத் தாண்டி அன்று இரவு படுப்பது ஸ்பிதியின் தலைமை ஊரான காஜாவில், சுமார் 3,650 மீட்டர். காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழக நாளாகும்; இங்கே ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். அன்று இரவு தலை வெடிக்கிற மாதிரி வலித்தால் இறங்க வேண்டும். ஆனால் மணாலிக்குத் திரும்ப மறுபடியும் அதே கணவாயில் ஏறித்தான் ஆக வேண்டும். உடம்பு சரியில்லாதவரை இன்னும் 900 மீட்டர் மேலே ஏற்றித்தான் கீழே கொண்டுவர முடியும் என்பது மோசமான நிலை. சிம்லா பக்கம் அப்படியில்லை. சட்லெஜ் ஆற்றோடு படிப்படியாக ஏறுகிறது, திரும்பினால் படிப்படியாக இறங்குகிறது. அதனால் சிம்லா வழியே ஏறி, மணாலி வழியே இறங்குவது. நாங்கள் இருவர் செப்டம்பரில் போனதும் இந்தக் கணக்கில்தான். முழுக்க அரசுப் பேருந்தும் நடையும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் ஜீப்.

மருத்துவர்கள் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு படுத்த உயரத்துக்கும் அடுத்த இரவு படுக்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பெரிதில்லை, எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. எங்கள் வரிசை (அடைப்புக்குள் மீட்டரில் உயரம், பிறகு எத்தனை இரவு): சிம்லா (2,200) ஒன்று, கல்பா (2,960) இரண்டு, தாபோ (3,280) இரண்டு, தங்கர் (3,890) இரண்டு, காஜா இரண்டு, லாங்சா (4,400) இரண்டு, கிப்பர் (4,270) ஒன்று, திரும்பவும் காஜா ஒன்று. தாபோவிலிருந்து தங்கருக்கு 600 மீட்டர் ஏறுகிறது, விதியை 100 மீட்டர் மீறுகிறது. அதை ஈடுகட்டத்தான் தாபோவில் இரண்டாவது இரவு. காஜாவிலிருந்து லாங்சாவுக்கு 750 மீட்டர், அதுவும் மீறல்தான்; அதற்கு ஈடு முன்பே தங்கரில் படுத்த இரண்டு இரவும் காஜாவில் இரண்டாவது இரவும். மிச்சம் இரண்டு இரவு சாலைக்காக ஒதுக்கியது. இந்த இரண்டை வெட்டிவிட்டுத் திட்டம் போடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் சிம்லா, கின்னோர் பக்கம் மழையில் மலை சரிந்து சாலை அடைபடுவது சாதாரணம். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, அங்கே வானம் வெளுத்திருக்கும். ஆனால் போய்ச்சேர வேண்டுமே. செப்டம்பரில் மழை ஓய்ந்திருக்கும், வயலில் அறுவடை நடக்கும், இரவுக் குளிர் மட்டும் பூஜ்யத்தைத் தொடும்.

சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோவுக்கு ஒரு முழுப் பகல். அங்கிருந்து கல்பா மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், உள்ளூர்ப் பேருந்து உண்டு. முக்கியமான பேருந்து பியோவிலிருந்து காஜா போவது. விடிகாலையில் கிளம்பும், நேரத்தை முந்தைய நாள் பேருந்து நிலையத்தில் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்பாவிலிருந்து அன்று காலை முதல் பேருந்தில் இறங்கி இதைப் பிடிக்கலாம் என்று நம்பினால் தவறவிட வாய்ப்புண்டு. முந்தைய மாலையே ஒரு டாக்ஸி பேசி வைப்பது நல்லது. சீட்டு வாங்கும்போது முன்பாதியில் இடம் கேளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் பத்து மணி நேரமும் இடுப்பு எகிறிக்கொண்டே வரும். இந்தியக் குடிமக்களுக்கு இந்தச் சாலையில் பர்மிட் வேண்டாம், சோதனைச் சாவடியில் அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அவருக்குப் பர்மிட் வேண்டும். சிம்லாவிலோ பியோவிலோ வாங்கிக்கொண்டுதான் மேலே போக முடியும்.

காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்குமேல் மலைச்சரிவில் காடு கிடையாது. நாக்கோவுக்கு அருகே மல்லிங் சரிவில் மேலிருந்து கல் உருளும். அங்கே பேருந்து நின்று, நடத்துநர் இறங்கி மேலே பார்த்துவிட்டு வந்தால் பதற வேண்டாம், வழக்கம்தான்.

தாபோ மடாலயம் கட்டப்பட்டது கி.பி. 996-இல். வெளியே பார்த்தால் வெறும் மண்சுவர். உள்ளே ஓவியங்கள், வெளிச்சம் மிகக் குறைவு, படம் எடுக்க அனுமதியில்லை. கையில் ஒரு சின்ன டார்ச் இல்லாமல் போனால் பாதியும் பார்க்காமல் திரும்புவீர்கள்.

தங்கர் பிரதான சாலையில் இல்லை. ஷிச்லிங்கில் இறங்கி ஏற வேண்டும். வண்டிச்சாலை எட்டு கிலோமீட்டர், ஒற்றையடிப் பாதை குறுக்கே ஏறும். முதுகுப்பை பத்து கிலோவைத் தாண்டினால் இந்த ஏற்றத்தில்தான் தெரியும். பேச்சு தடைபடாமல் நடக்கும் வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள், உட்கார வேண்டாம்.

உயர நோய் பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்தால் அது சளியோ வெயிலோ அல்ல, உயரம்தான். அன்று ஏறக் கூடாது, அவ்வளவுதான். மாலையில் ஒருவருக்கொருவர் ஒரு சோதனை செய்துகொள்ளலாம்: தரையில் நேர்கோடு ஒன்றை நினைத்துக்கொண்டு, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொடும்படி பத்து அடி நடப்பது. குடித்தவர் போலத் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால் நுரையீரலில். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த இரவே இறங்க வேண்டும். லாங்சாவில் படுப்பதற்கு முன்பே காஜாவுக்கு இறங்க யாரிடம் ஜீப் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவைப்பது இதற்காகத்தான். காஜாவில் மருத்துவமனை இருக்கிறது.

உயர நோயைத் தடுக்க அசிடசோலமைடு மாத்திரை, பொதுவாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல்நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டோமே என்று வேகமாக ஏறுவதுதான் தப்பு. பூண்டு சூப் குளிருக்கு இதம், மருந்தல்ல. தூக்க மாத்திரையும் மதுவும் முதல் நான்கு நாள் வேண்டாம்.

இனி வீடுகள். லாங்சா, கிப்பர், தங்கர் எல்லாவற்றிலும் ஹோம்ஸ்டே உண்டு. படுக்கை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்ந்தே கிடைக்கும். காசாகக் கொடுக்க வேண்டும். காஜாவில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் பணம் தீர்ந்துபோகும். முழுத் தொகையையும் சிம்லாவிலோ பியோவிலோ எடுத்துவிடுங்கள். வாசலில் "ஜூலே" என்றால் வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான். காலையில் கொடுக்கும் சம்பா நம் சம்பா அரிசி அல்ல, வறுத்த பார்லி மாவு. உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும். சோறுதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. அரிசியும் எரிவாயுவும் லாரியில்தான் மேலே வருகின்றன. பார்லியும் பட்டாணியும் எதிர் வயலிலேயே விளைகின்றன. குறைந்த சூடானாலும் கொதித்த தண்ணீர் குடிக்கப் பாதுகாப்பானதுதான். இரவு பிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டால் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட வாங்க வேண்டியிருக்காது.

நம்மவர்கள் தடுமாறும் இடம் கழிப்பறை. மாடியில் ஓர் அறை, தரையில் நீள்சதுர ஓட்டை, மூலையில் மண்ணும் உலர்ந்த சாணமும் கலந்த குவியல், ஒரு மண்வாரி. போனபிறகு இரண்டு வாரி மண்ணைத் தள்ள வேண்டும். கீழறையில் சேர்வது மட்கி, விதைப்புக்கு முன் வயலுக்கு எருவாகப் போகிறது. ஓட்டைக்குள் தண்ணீர் ஊற்றினால் மட்காது, நாறும், குளிரில் கட்டியாக உறையும். ஓராண்டு எரு பாழ். கழுவாமல் முடியாது என்பவர்கள் வீட்டுக்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், ஒரு குவளைத் தண்ணீரோடு எங்கே ஒதுங்கலாம் என்று காட்டுவார்கள். காகிதம் உள்ளே போகலாம். ஈரத் துடைப்புத்தாளும் நாப்கினும் போகவே கூடாது, ஏனென்றால் அவற்றை வயலில் கையால் பொறுக்கப்போவது அந்த வீட்டுப் பெண்கள். குளியல் நான்கு நாளுக்கு ஒருமுறை, அரை வாளி. பனி உருகி வரும் வாய்க்கால் நீர்தான் வயலுக்கும் வீட்டுக்கும். பனி குறைந்த ஆண்டில் முதலில் காய்வது பட்டாணி.

லாங்சாவிலிருந்து ஹிக்கிம் வழியே கோமிக் போய்த் திரும்ப ஒரு பகல் நடை. ஹிக்கிம் அஞ்சலகம் 4,400 மீட்டரில் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு கார்டு போடலாம். லாங்சாவில் சிறுவர்கள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம் நீட்டுவார்கள். இந்த இடம் ஒரு காலத்தில் டெதிஸ் என்ற கடலின் அடி. வாங்காதீர்கள், வாங்க வாங்கத் தோண்டுவார்கள். மணிச்சுவரும் (மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்) சோர்டனும் (பௌத்தத் தூபி) வழியில் வந்தால் அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும்.

காஜாவிலிருந்து கிப்பருக்குப் பேருந்து மாலையில் போய் மறுநாள் காலை திரும்பும். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கீழே வந்த ஊர்க்காரர்களுக்காக ஓடும் வண்டி அது, சுற்றுலாவுக்கல்ல. இதில் போனால் ஓர் இரவு அங்கே படுத்தே ஆக வேண்டும்; நல்லதுதான். லாங்சாவுக்கு வாரத்தில் சில நாள் மட்டும், மற்ற நாளில் ஜீப்பைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இறங்கும் நாளில் மணாலிப் பேருந்து விடியுமுன்பே கிளம்பும், தூக்கத்தைப் பார்க்காதீர்கள். வழியில் பாத்தல், கிராம்ஃபு என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே சாலையின் குறுக்கே ஓடைகள் பாய்கின்றன. காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயிலேறிப் பனியாறு உருகியதும் பிற்பகலில் வண்டியை நிறுத்திவிடும் அளவுக்கு ஏறும். இந்தக் கணவாய்ச் சாலை பொதுவாக ஜூன் முதல் அக்டோபர்வரைதான். இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்திருந்த பவர் பேங்கைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் வெளியே கிடந்தால் பாதி சார்ஜ் போயிருக்கும். பதினைந்து நாள் சேர்த்த குப்பை, பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, தீர்ந்த பேட்டரி, எல்லாம் ஒரே துணிப்பையில் கூடவே இறங்க வேண்டும். மேலே கொட்டினால் ஊருக்குக் கீழே பள்ளத்தில் எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் பை மணாலிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது முக்கால் கிலோ இருந்தது.